மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

அண்ணா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் சீட்டுக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. தண்ணீரில் குழைத்த காவி மண் வாடை. முதல் மழைக்குத் தரையிலிருந்து வருகிற மணம் மாதிரிதான் இருக்கும். ஊரே மூச்சை இழுத்து ரசிக்கிற அந்த மணம் எனக்கு மட்டும் குமட்டும். நிமிர்ந்தேன். வலது நெற்றி முழுக்கக் காவி. அதன்மேல் கோழி இறகால் இழுத்த கோடுகள். கோடுகளுக்கு அடியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பதினெட்டு வயது இருந்தால் அதிகம். பக்கத்தில் அவளுடைய அண்ணன் நின்றான்.

"பேர் என்னம்மா?" என்று அவளைக் கேட்டேன். அவன் சொன்னான். வயதைக் கேட்டேன். அதையும் அவனே சொன்னான். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"அக்கி மேடம். நேத்தே போய் எழுதியாச்சு, எறங்கிடும். கண்ணு கொஞ்சம் எரியுதுன்னு சொல்லிக்கினே இருக்குது. சொட்டு மருந்து ஒண்ணு குடுத்தா போய்க்கினே இருப்போம்."

"நீ வாய மூடுப்பா! அந்தப் பொண்ணுக்கு வாய் இல்லியா?" என்று கத்திவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீட்டைப் போட்டு, வார்டு ஆயாம்மாவை அழைத்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். மதியம் கண் டாக்டரே வந்து சொன்னார், நேரத்தோடு வந்துவிட்டார்களாம், கண் தப்பிவிடுமாம். நல்லது. அவள் விஷயம் முடிந்தது. நான் உன்னிடம் பேச வேண்டும்.

இன்றைக்கு உனக்கு வருஷத் தெவசம். அண்ணி நேற்றே போன் செய்தாள். "வராம இருந்துடாத கலா. கூடப் பொறந்தவ ஒருத்திதான் இருக்கற. ஊரு என்னம்மா பேசும்?" என்றாள். நான் வரவில்லை. லீவு இல்லை என்று பொய் சொன்னேன். ஊர் என்ன பேசும் என்ற அந்த ஒரு கேள்விக்கு நம் வீட்டில் எத்தனை பேர் உடம்பைக் கொடுத்திருக்கிறோம் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. இலை போட்டு, உனக்குப் பிடித்த வடையும் பாயசமும் வைத்திருப்பாள் அண்ணி. சாப்பிடு. நான் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, பழைய பதிவேட்டின் வெற்றுத் தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். பற்றிப் பேசவில்லை, உன்னிடமே பேசுகிறேன்.

நம் வீட்டில் நோய்க்கும் ஆண் பெண் உண்டு, நினைவிருக்கிறதா? நீ இரண்டு முறை தும்மினால் டாக்டர். அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம். எனக்கு எது வந்தாலும், தலைவலியோ வயிற்று வலியோ, "கல்யாணம் ஆனா சரியாப் பூடும்." இந்த மருந்தை நீ மட்டும் சொல்லவில்லை, தெருவே சொன்னது. ஒரு மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குத் தூரமாகி நான் சுருண்டு கிடந்தபோதும் இதுதான் வைத்தியம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நீதான் எனக்கு எல்லாம் என்று ஊர் சொல்லும். எல்லாம் நீதான். என் பசி, என் தூக்கம், என் வலி எவ்வளவு என்பது உட்பட எல்லாவற்றையும் நீதான் முடிவு செய்தாய்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோக்கிற கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நீ தறிக்குழியில் இறங்கி உடல் நெய்வாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் சுற்றிய நாடாவை வீசுவேன். ஒரு சனிக்கிழமை நெசவுக்கு நடுவில் என் இடது நெற்றி எரிந்தது. மிளகாய் அரைத்த கையால் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புருவத்துக்கு மேலே கொப்புளம் கிளம்பிவிட்டது. நீ முகத்தைத் தூக்கிப் பார்த்தாய். "ஐயய்யோ" என்றாய். என் வலிக்காகச் சொன்னாய் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தை, "வெள்ளிக்கெழம ஆரணிக்காரங்க வராங்களே!"

ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. பட்டு வியாபாரம், சொந்த வீடு, ஒரே பையன். ஆறு மாதம் அலைந்து நீ பிடித்த இடம். அண்ணி, "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நீ அவள் மேல் விழுந்தாய். "ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டுப் போடுவான். வரிசைல நம்ம தெருக்காரன் நாலு பேரு நிப்பான். பொண்ணுக்கு மூஞ்சில என்னமோ நோயாம்னு ஆரணி வரைக்கும் போவும். அக்கின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒடம்பு சூடு. எழுதினா மூணு நாள்ல எறங்கிடும். ஊசி போட்டாத்தான் உள்ள போயிடும்."

உன் கணக்கு தப்பே இல்லை. அக்கி என்றால் சூடு. எல்லார் வீட்டிலும் வருகிற சூடு. அதற்குச் சீட்டு இல்லை, வரிசை இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர் கல்யாணத்தைக் கெடுக்கும். நோய் ஒன்றுதான். எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து அது சூடாகவும் ஆகும், களங்கமாகவும் ஆகும். இதையெல்லாம் இன்று நான் சீட்டுப் போடுகிற இடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நெற்றி எரிந்தது, அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் விடிந்ததும் என்னைக் குப்பம்மாவிடம் கூட்டிப் போனாய். பானை சட்டி செய்கிற வீடு. அங்கேதான் தலைமுறையாக அக்கி எழுதுவார்கள். நாற்பது வயது இருக்கும் அவளுக்கு அப்போது. சக்கரத்தை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, சாமி கும்பிட்டு, காவியில் இறகைத் தோய்த்து என் நெற்றியில் சிங்கம் வரைவாள். சிங்கம் அக்கியைத் தின்றுவிடுமாம். குளிர்ச்சியாக இருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் எரிச்சல் அடங்கும். திரும்பி வரும்போது நீ எனக்குக் குடை பிடித்தாய். உன் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, குடை முழுக்க என் பக்கம். எங்க அண்ணன் மாதிரி யாருக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்தக் குடை வெயிலுக்கா, எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கவா என்று கேட்கிற புத்தி எனக்கு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. குப்பம்மா அதைப் பார்த்ததும் இறகைக் கீழே வைத்தாள். உன்னைத் தனியே அழைத்துப் போய்ப் பின்கட்டில் ஏதோ சொன்னாள். நீ திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, தட்சணை வெத்தல பாக்கு விஷயம்" என்றாய். நான் நம்பினேன். நீ சொல்லி நான் நம்பாத விஷயம் அதுவரை எதுவுமே கிடையாது.

புதன்கிழமை ஆரணிக்குப் போன் செய்தாய். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. "பொண்ணு வீட்டுக்குத் தூரம்ங்க" என்றாய். அடேயப்பா! அந்த மூன்று நாள் நான் ஒதுங்கி உட்கார்ந்தால் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவன், தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறவன், முன்பின் தெரியாத ஆம்பளையிடம் கூசாமல் சொன்னாய். ஒரு அசிங்கத்தை மறைக்க இன்னொரு அசிங்கம் உனக்குக் கைகொடுத்தது. இரண்டுமே என் உடம்புதான்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் தெரியவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் பாலுக்குள் விழுந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரி. கருவிழியில் புண்ணாகித் தழும்பு கட்டத் தொடங்கிவிட்டது என்றார்கள். மருந்து, சொட்டு, வாரா வாரம் பரிசோதனை, எல்லாம் பார்த்தாயிற்று. இடது கண் போயிற்று. ஆரணிக்காரர்கள் வரவே இல்லை. யார் சொன்னார்களோ, சொல்லாமல் இருப்பார்களா?

தறியும் போயிற்று, அது உனக்குத் தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு நாடா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடாது. கை நீட்டினால் ஒரு விரற்கடை முன்னால் இருக்கும், இல்லை பின்னால் இருக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நீ எழுந்துடும்மா" என்றாய். என் இடத்தில் அண்ணி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் படித்தது, கம்ப்யூட்டர் கற்றது, ஒப்பந்த வேலைக்கு இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, செவிலிமேட்டில் தனியாக வீடு பார்த்துப் போனது, எதற்கும் நீ காரணமில்லை. சில பேர் சொல்வார்கள், அந்தக் கண் போனதால்தானே சொந்தக் காலில் நின்றாய் என்று. அவர்களை எல்லாம் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கும்.

பதினேழு வருஷம் நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? குப்பம்மாவை. மண்ணைக் குழைத்துப் பூசி என் கண்ணைக் கெடுத்த பாவி என்று. அவள் எதிரில் வந்தால் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுவேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு முறைகூட, "அவளைத் திட்டாதே" என்று சொல்லவில்லை. சில சமயம் தலையை ஆட்டினாய். "அவளுக்கு என்னா தெரியும், மண்ணு மிதிக்கறவ" என்று ஒரு நாள் சொன்னாய் பார், அதை நான் மறக்கவே மாட்டேன்.

நீ விழுவதற்குச் சில மாதம் முன்னால் அவள் என் கவுண்டருக்கு வந்தாள். சர்க்கரை வியாதி, காலில் புண், துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்லாக்கிறியாம்மா?" என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே, ஆதார் அட்டை இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்றேன். போட முடியும். தினமும் நூறு பேருக்குப் போடுகிறேன். "ஊட்ல இருக்குதும்மா, நடக்க முடியல" என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் வெயிலில் திரும்பிப் போய், நாலு நாள் கழித்து வந்தாளாம், வேறு ஒருவர் சீட்டுப் போட்டாராம். கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். என்னால்தான் என்று சொல்ல முடியாது, என்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதையும் உன் கணக்கிலேயே எழுதலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. அது நான் செய்தது.

பிறகு உனக்கு நெஞ்சு வலி வந்தது. வாயு என்று சொல்லிச் சோடா குடிக்கவில்லையே நீ! சூடு என்று மோர் குடிக்கவில்லையே! "ஹார்ட்டுதான்டி, ஆம்புலன்ஸைக் கூப்புடு" என்று நீயே அண்ணியிடம் சொன்னாயாம். ஒரு மணி நேரத்துக்குள் சென்னை ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாய். தெருவே திரண்டு பார்க்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சில் கம்பி வைத்த படத்தைப் போனில் காட்டினாய். ரிப்போர்ட் கவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய். பெருமைதான். உன் நோய்க்குப் பெயர் இருந்தது, தேதி இருந்தது, படம் இருந்தது. ஊர் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்தது.

நானும் வந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி டீ வாங்கப் போயிருந்தாள். "கலா, உன் கண்ணு விஷயத்துல ஒண்ணு..." என்று ஆரம்பித்தாய். "டாக்டர் பேசக் கூடாதுன்னு சொன்னாரு, சும்மா படு" என்றேன். எனக்கு உன் மன்னிப்பு எதுவும் தேவையில்லை என்ற வீம்பு. நாலு மாதம் இருந்தாய். மறுபடி நீ அதை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ சொல்ல வந்ததைக் குப்பம்மா சொன்னாள், உன் கருமாதி அன்று. காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் தாண்டிப் போனபோது கையைப் பிடித்தாள்.

"எங்கண்ணு, இனிமே சொன்னா என்னா. அவரு சாமி கிட்ட பூட்டாரு. அன்னிக்கே சொன்னேம்மா உங்கண்ணன்கிட்ட. மூக்கு நுனில வந்துடுச்சுப்பா, இது கண்ணுக்குள்ள போவும், என் கைக்கு அடங்காது, இப்பவே கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போன்னு. எங்க மாமியாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது. மூக்கு நுனின்னா எறகக் கீழ வெச்சிடணும்."

"அப்புறம் ஏன் புதன்கெழமையும் எழுதின?" என்று கேட்டேன். 

"நான் மாட்டேன்னேம்மா. உங்கண்ணன் அழுதாரு. எந்தங்கச்சிக்கு இந்த ஒரு எடம் அமையட்டும்மா, வெள்ளிக்கெழம வர்றத தள்ளிப் போட்டுட்டு, சேதி ஆரணிக்குப் போவாம சனிக்கெழம இட்டுக்கினு போறேன், அதுவரைக்கும் அவளுக்குச் சந்தேகம் வராம எழுதுன்னாரு. குழந்த மாதிரி அழுதுக்கினு நின்னாரும்மா. எம்புத்தி, எழுதிட்டேன்."

மறுநாள் எங்கள் கண் டாக்டரிடம் போய்க் கேட்டேன், மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று. அவர் வியந்துபோனார். "ரெண்டுக்கும் ஒரே நரம்பும்மா. எங்க புஸ்தகத்துலயும் அதுதான் இருக்குது. யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் என்று கேட்டேன். கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்றார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். விரல் விட்டு எண்ணினேன். மண் மிதிக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது. உனக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது, கண் என்னுடையது என்பதால்.

அழுதாயாம். அந்த அழுகையை வைத்து நான் என்ன செய்யட்டும்? அண்ணியிடம் சொன்னேன், அவள், "பாரு, உம்மேல எவ்ளோ பாசம்" என்கிறாள். சித்தப்பா வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நீ அழுததைக் கேட்டு எல்லாருக்கும் கண் கலங்குகிறது. அன்றைக்கு அழாமல் ஒரு ஆட்டோ பிடித்திருக்கலாம் அண்ணா. தெருமுனையில்தான் நின்றுகொண்டிருக்கும்.

குப்பம்மா வீட்டுக்கு இப்போது மாதம் ஒரு முறை போகிறேன். சர்க்கரை மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், வரிசையில் நிற்க விடுவதில்லை. ஆதார் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "தெரியும்மா" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை, கண் ஆஸ்பத்திரியில். பெண் டாக்டர். என் முகத்தைக் கையில் ஏந்தி, காவியைப் பஞ்சால் துடைத்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "எத்தனை நாளா இருக்கு?" என்று. நீ முந்திக்கொண்டாய். "நேத்துதான் டாக்டர். நேத்து காலைலதான் பார்த்தோம். உடனே இட்டுக்கினு வந்துட்டேன்." அவர் நம்பவில்லை. காவி மூன்று அடுக்காகக் காய்ந்து கிடக்கிறதே. உன்னை விட்டுவிட்டு மறுபடி என்னைக் கேட்டார். "அப்படியாம்மா?"

நான் தலையை ஆட்டினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கண் திரும்பியிருக்குமா? திரும்பியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் ஒரே ஒருத்தர் என்னிடம் கேட்டார், என் உடம்பைப் பற்றி, என்னிடம். அப்போது எனக்கு வந்த கவலை, இத்தனை பேர் முன்னால் எங்க அண்ணனுக்கு அசிங்கமாகிவிடுமே என்பதுதான். ஊர் என்ன பேசும் என்பது எனக்குள்ளும் இருந்திருக்கிறது. உன்னைத் திட்டித் திட்டி ஓய்ந்துபோகிற நாட்களில் அந்தத் தலையாட்டல்தான் மிச்சம் நிற்கிறது.

சொல்லாமல் விட்ட அந்தப் பதில் என்னோடேயே வருகிறது. சமைக்கும்போது வரும், பல் தேய்க்கும்போது வரும், செவிலிமேடு டவுன் பஸ்ஸில் வரும். போன வாரம் பஸ்ஸில் சத்தமாகவே வந்துவிட்டது. "ஏழு நாளாச்சு டாக்டர். இவரு பொய் சொல்றாரு."

பக்கத்து சீட்டு அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னம்மா, என்கிட்டயா சொல்றே?"

"இல்லீங்கம்மா, டாக்டர்கிட்ட," என்றேன். "எங்க அண்ணன் பக்கத்துல இருக்காரு."